துரு என்று எழுதியது என் தவறு

செம்பூர் டயர் கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கையை விரித்தார். பஞ்சர் இல்லை. ஆனால் முன்பக்க இடது டயரில் 32 பவுண்டு காற்றடித்தால் ஒரே வாரத்தில் 24க்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் குடும்பத்தோடு விரைவுச்சாலையில் புனே போக வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கலாம் என்பது தெரியாதவனல்ல நான்.

டயரைக் கழற்றச் சொன்னேன். ரிம்மின் விளிம்பில், டயர் கவ்வும் இடத்தில், சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று கசிந்திருக்கிறது.

"வெளியே பளபளவென்று வைத்திருக்கிறீர்களே" என்று சிரித்தார். சுருக்கென்றது. முந்தைய வருடம், பிரேக் தூசியின் கருங்கறையைப் போக்க, குளியலறை ஆசிட்டால் சக்கரங்களைத் தேய்த்தவன் நான்தான். கறை போயிற்று, மேலே பூசியிருந்த வார்னிஷும் போயிற்று. ஆசிட் விளிம்பிலும் இறங்கியிருக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் மும்பை மழையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

இதில் ஒரு பழைய பாவமும் உண்டு. பல வருடங்களுக்கு முன் கார் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது, அலாய் சக்கரத்தில் பூப்பதைத் 'துரு' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். துரு இரும்புக்கு உரியது. அந்தச் சொல்லைப் படித்ததும் கை தானாகக் கம்பி பிரஷ்ஷைத் தேடும். அலுமினியமோ காற்றுப் பட்டதும் மெல்லிய படலம் போர்த்தித் தன்னைக் காத்துக்கொள்ளும் உலோகம். உப்பும் ஆசிட்டும் அந்தப் படலத்தையே தின்னும். அடியில் குழி விழும். 'களிம்பு' என்று எழுதியிருக்கலாமோ? களிம்பென்றால் நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளியும் அமிலம்தானே! தமிழ் முதுகலை படித்தும் எனக்கு இன்றுவரை சரியான சொல் அகப்படவில்லை.

கடைக்காரர் பொடியைச் சுரண்டி, விளிம்பை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி டயரை மாட்டினார். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது ஒரு குமிழிகூட வரவில்லை. புனே போய்த் திரும்பி, அடுத்த ஞாயிறு அளந்தேன்: 32.

இப்போதெல்லாம் சக்கரம் ஆறிய பிறகு நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பூ, மெத்தென்ற பிரஷ், நிறையத் தண்ணீர், கடைசியில் ஈரம் போகத் துடைப்பு. அவ்வளவுதான். வார்னிஷ் போன நான்கு ரிம்களையும் பெயின்ட் கடையில் பாலிஷ் போட்டு மறுபடி பூசச் செய்தேன். ஆசிட் பாட்டிலை விடப் பலமடங்கு செலவு. டயர் மாற்றும்போது விளிம்பைப் பார்க்காமல் விடுவதில்லை.

அந்தக் கையேடு மட்டும் இன்னும் எத்தனை கார்களின் டாஷ்போர்டில் கிடக்கிறதோ, தெரியவில்லை.