தினமும் ஒரே கேள்வி

சகோதரிகளே, உங்களிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாயாஜாலக் காதல் நாவல்கள் என்றால் உயிர். ஒரு காடு, ஒரு சாபம், விளக்கெரியும் ஒரு மாளிகை, மனிதனா மிருகமா என்று தெரியாத ஒரு பிரபு, அவனைக் கண்டு பயப்படாத ஒரு பெண் - இவ்வளவும் இருந்துவிட்டால் போதும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எனக்குத் தெரியாது.

"கல்லூரியில் படித்தவள், பத்திரிகையில் உத்தியோகம் பார்க்கிறவள், முப்பது வயசு தாண்டியவள். இதையா படிப்பது?" என்று காரியாலயத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பக்கத்து மேஜை நண்பர் துப்பறியும் நாவல் பிரியர். வாரத்துக்கு மூன்று கொலையாவது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெண்கள் படிக்கும் காதல் கதைக்குத்தான் இத்தனை காவல்!

சென்ற ஐப்பசியில் என் பெரியம்மா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, மாம்பலத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

பெரியம்மா ஒரு காலத்தில் பெரிய வாசகி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, எங்கள் பாட்டி வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தாள். 1971-ல், பதினெட்டு வயதில் பெரியம்மா புக்ககம் போனபோது, டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் அந்த ஐந்து பாகங்களும் கூடவே போயின. இரண்டே வருஷம். "வீட்டில் குப்பை சேருகிறது" என்று பெரியப்பா ஒருநாள் அவற்றைப் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு பெரியம்மா கையில் கதைப் புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. "என்னடி அது, அப்படி முழுகிப்போய்ப் படிக்கிறாய்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"ஒரு மிருகத்தைக் கல்யாணம் செய்துகொண்டவள் கதை, பெரியம்மா."

"அதில் என்ன அதிசயம்? ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சொல்லு, கேட்கலாம்."

ஆதியிலிருந்தே ஆரம்பித்தேன். இந்த ரகத்து நாவல்கள் பலவற்றுக்குத் தாய் 'அழகியும் மிருகமும்' என்ற பிரெஞ்சுக் கதை. 1740-ல் அதை எழுதியவர் வில்நெவ் சீமாட்டி. கணவர் சொத்தைக் கரைத்துவிட்டு இறந்துபோக, பாரிஸுக்கு வந்து எழுத்தை நம்பி வாழ்ந்தவர். அவர் எழுதியது நீண்ட கதை. லண்டனில் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த போமோன் சீமாட்டி, 1756-ல் அதைச் சுருக்கி எழுதினார். உலகம் இன்று அறிந்திருப்பது பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தைத்தான்.

கப்பல்களை இழந்து நொடித்துப்போன வியாபாரி, மகள் கேட்டாளே என்று ஒரு ரோஜாப்பூவைப் பறிக்கிறார். அது மிருகத்தின் தோட்டத்துப் பூ. தகப்பனாரின் உயிருக்கு ஈடாக மகள் அந்த மாளிகைக்குப் போகிறாள். அங்கே ஒரு கதவில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே போனால், அவள் மனசைக் கவர்வது பெரிய புத்தகசாலை!

"புஸ்தகமா? நகை இல்லையா?" என்றாள் பெரியம்மா.

"முதலில் புஸ்தகம்தான்."

"ஹூம். மேலே சொல்லு."

"தினமும் இராத்திரி சாப்பாட்டு வேளைக்கு மிருகம் வரும். 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?' என்று கேட்கும். 'மாட்டேன்' என்பாள். மாளிகையே அதிரும்படி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விடும்."

"அடித்ததா?"

"இல்லை."

"சாப்பாட்டை நிறுத்திற்றா?"

"இல்லை, பெரியம்மா. மறுநாளும் வரும். அதே கேள்வி. அதே பதில். இப்படி மூன்று மாதம்."

பெரியம்மா வெகு நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையடி" என்றாள்.

பிறகு, தகப்பனாரைப் பார்க்க மிருகம் அவளை எட்டு நாள் அனுப்பிவைத்ததைச் சொன்னேன். "எட்டு நாளா! அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நான் இரண்டு நாள்தான் கேட்டேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முடிவில், அழகியின் அன்பினால் சாபம் நீங்கி மிருகம் ராஜகுமாரனாக மாறுகிறது. இந்தக் கட்டத்தில் பெரியம்மா மகிழ்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தலையை ஆட்டினாள்.

"அது பொய். நான் நாற்பது வருஷம் காத்திருந்து பார்த்தேனே!"

எனக்குச் சுருக்கென்றது. காரியாலயத்துச் சிரிப்புக்கெல்லாம் அசையாத நான், இதற்குப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பொறுத்துப் போனால் மிருகமும் மனிதனாகும் என்று சொல்லித்தானே எத்தனையோ பெண்களைப் பொறுக்க வைத்தார்கள்? நான் ஆசை ஆசையாகப் படிக்கும் நாவல்களும் அதையேதான் சொல்கின்றனவா?

மறுநாள் மீதிக் கதைகளை எடுத்தேன். ராபின் மெக்கின்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1978-ல் இதே கதையை நாவலாக்கினார். அவருடைய கதாநாயகி அழகியே அல்ல, புத்தகப் பைத்தியம். மிருகத்தின் புத்தகசாலையில், உலகில் இன்னும் எழுதப்படாத புத்தகங்கள்கூட இருக்கின்றன! பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்தது, சாரா ஜே. மாஸ் 2015-ல் ஆரம்பித்த தொடர். முதல் பாகம் பழைய கதைபோலத்தான் போகிறது. வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு பெண், ஒரு மாய உலகத்துப் பிரபுவின் மாளிகைக்குப் போகிறாள். அவனுடைய சாபம் தீர உயிரையே பணயம் வைக்கிறாள். ஆனால் 2016-ல் வந்த இரண்டாம் பாகத்தில் விஷயமே வேறு. சாபம் தீர்ந்த அந்தப் பிரபு, உன் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி அவளை மாளிகைக்குள் அடைத்து வைக்கிறான். சரளமாக எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவன் இன்னொருவன். (சகோதரிகளே, இந்தப் புத்தகங்களைக் குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். நானே ஐந்தாறு அத்தியாயங்களை, "அப்புறம் சந்தோஷமாக இருந்தார்கள்" என்று ஒரே வரியில் தாண்டினேன்.)

"அப்படியானால், அடைத்து வைத்தவனை விட்டுவிட்டுப் போய்விட்டாளா?"

"போய்விட்டாள்."

"கதையில் அப்படிக்கூட எழுதுகிறார்களா?" என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. இந்தக் கதைகளில் நம்ப வேண்டியது முடிவை அல்ல, நடுப்பகுதியை. மிருகம் ராஜகுமாரன் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஒரு பெண்ணைக் கேட்கிறார்கள், அவள் 'மாட்டேன்' என்றால் அந்தச் சொல் செல்லுகிறது - நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காகத்தான்.

தை பிறந்ததும் பெரியம்மாவின் பேத்திக்கு ஒரு வரன் வந்தது. கூடத்தில் எல்லோரும் கூடி, மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் இருந்தேன். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அவளைக் கேட்டீர்களா?" என்றாள்.

"இதில் கேட்க என்னம்மா இருக்கிறது? நல்ல இடம்" என்றார் என் அண்ணா.

"கேள்."

காப்பித் தட்டுடன் வந்த பெண்ணை அண்ணா கேட்டார். அவள் முதலில் பாட்டியைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது, அப்பா. இப்போது வேண்டாம்" என்றாள்.

அண்ணா விட்ட பெருமூச்சில் கூடமே அதிர்ந்தது! ஆனால் யாரும் அவளை அடிக்கவில்லை. இராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. ஜாதகம் மறுநாள் திரும்பிப் போயிற்று.

பெரியம்மாவின் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். நடுவில் யாராவது கூப்பிட்டால், "இரு, அத்தியாயத்தை முடித்துவிட்டு வருகிறேன்" என்கிறாளாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லக்கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலை நீங்களே இறக்கி வைத்துவிட்டு, "என்ன கதை?" என்று கேளுங்கள்.