பவர் பின்னையும் வரையுங்கள்

சர்க்யூட் வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. லாஜிக் கேட்களை அழகாக வரைவார்கள். அவற்றுக்கு சப்ளை போகும் பின்களை மட்டும் காட்டவே மாட்டார்கள். கேட்டால், "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே!"

தெரியுமா? 7400 ஐசியில் 14ஆம் பின் 5 வோல்ட், 7ஆம் பின் கிரவுண்ட். அதே நினைப்பில் 7490க்கு சப்ளை கொடுத்தால் கவுண்ட்டர் ஓடாது. அதற்கு 5 வோல்ட் 5ஆம் பின்னில், கிரவுண்ட் 10ஆம் பின்னில். எல்எம்324 ஆப்-ஆம்பில் 4ஆம் பின் பிளஸ். 741இலோ அதே 4ஆம் பின் மைனஸ்!

கம்ப்யூட்டரில் வரைந்தால் இன்னொரு வம்பு. கீகேட் மென்பொருளில் மறைத்து வைத்த பவர் பின், தன் பெயர் கொண்ட நெட்டோடு தானாகவே இணைந்துவிடும். போர்டில் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இருந்தால், எந்த ஐசிக்கு எது போகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் பவர் பின்களைத் தனி யூனிட்டாகத் தாளின் ஓரத்தில் வரைவேன். பிளஸ் மேலே, கிரவுண்ட் கீழே, பக்கத்திலேயே அந்த ஐசிக்கான 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். மொட்டையாக 'விசிசி' என்று போடாமல் '+3.3 வோல்ட்', '+5 வோல்ட்' என்றே எழுதுவேன். தாள் முழுக்கக் கோடு இழுக்கத் தேவையில்லை, குறியீடு போதும்.

ரிப்பேருக்கு உட்காருகிறவர் முதலில் மீட்டர் வைப்பது சப்ளையில்தான். அதையே தேடவிட்டால் அந்தப் படம் எதற்கு?