நாதாங்கி

பூட்டு உடைபடவில்லை. அதுதான் எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. பாலவனத்தத்தில் எங்கள் வீட்டுத் தலைவாசலில் போட்டிருந்த பித்தளைப் பூட்டு, பூட்டியது பூட்டியபடியே, கொண்டியையும் நாதாங்கியையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு தொங்கியது. நாதாங்கிதான் கதவை விட்டுக் கழன்று வந்திருந்தது. அதை இறுக்கியிருந்த நான்கு திருகாணிகளும் முக்கால் அங்குல நீளம்; வெயிலில் காய்ந்து காய்ந்து நார் விட்டுப்போன மரம் அவற்றை எதிர்ப்பின்றி விட்டுக்கொடுத்திருந்தது. அம்மா ஒரு கல்யாணத்துக்காக அருப்புக்கோட்டைக்குப் போய் இரவு தங்கிய ஒரே நாளில் இது நடந்தது. இரண்டு பித்தளைக் குடங்கள், ஒரு குத்துவிளக்கு, அரிசிப் பானைக்குள் இருந்த கொஞ்சம் பணம். போனது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அம்மா இரவில் தூங்குவதில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை தொலைபேசியில் சொன்னபோது, சென்னையிலிருந்து நான் கிளம்பினேன்.

பூட்டு மாற்றுவதென்றால் கடைக்குப் போய் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கி வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆசாரி வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க பூட்டப் பாக்குறீங்க. களவாணி பூட்டப் பாக்குறதே இல்ல. அது எதுல மாட்டியிருக்குன்னுதான் பாப்பான்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. இருபது ரூபாய்த் திருகாணியில் நிற்கும் ஆயிரம் ரூபாய்ப் பூட்டின் பலம் இருபது ரூபாய்தான். எந்தப் பூட்டு வாங்கினாலும் அதைக் கதவின் தடிமன் முழுக்கத் துளைத்து, உட்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து, நட்டு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்றார். திருகாணியை வெளியிலிருந்து நெம்பிவிடலாம். உட்பக்கம் பட்டையில் உட்கார்ந்த நட்டைப் பிடுங்க வேண்டுமென்றால் கதவையே பிளக்க வேண்டும்.

அடுத்த பாதி, தொங்கும் பூட்டைப் பற்றியது. வெளியே தொங்கும் பூட்டு வீட்டைக் காக்கிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது தெருவுக்கு ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது: உள்ளே ஆளில்லை. கதவோடு பதிந்த பூட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆள் உள்ளே இருந்தாலும் வெளியே போனாலும் பார்வைக்குக் கதவு ஒன்றுபோலவே இருக்கும்.

திண்டுக்கல் வழியாக வரும்போது ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கியிருந்தேன். தேவைக்கு என்பதைவிட ஆசைக்கு என்று சொல்வதே சரி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதற்குள் அந்தத் தொழிலில் பெரும்பகுதி அலிகாரின் மலிவான இயந்திரப் பூட்டுகளிடம் தோற்றுவிட்டிருந்தது. கையில் எடுத்தால் ஒரு சிறு குழந்தையின் முஷ்டியைப் பிடித்தது போன்ற கனம். உள்ளே லீவர்கள் எனப்படும் தகடுகள் அடுக்காக நிற்கின்றன. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகராது. கள்ளச் சாவி போட்டால் கத்தி பாய்ந்து கையை வெட்டும் பூட்டைக்கூட அந்த ஊர் ஆசாரிகள் செய்திருக்கிறார்கள்.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று உண்டா என்று பயணத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். இலண்டனில் பிராமா நிறுவனத்தார் தங்கள் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு இருநூறு கினி பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அது அரை நூற்றாண்டுக்கு மேல் திறக்கப்படாமலே இருந்தது. 1851இல், உலகப் பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்து, சாவி இல்லாமல். அதற்குச் சற்று முன் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை அரை மணிக்குள் திறந்திருந்தார். அன்றிலிருந்து பூட்டுத் தொழில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு வாழ்கிறது. பூட்டு யாரையும் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. தாமதமும் ஓசையும்தான் அது விற்கும் சரக்கு. அந்த ஓசையைக் கேட்க யாராவது இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

மறுநாள் சன்னல்களைப் பார்த்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் கோடையில் சன்னலை அடைத்துவிட்டுப் படுப்பது நடக்காத காரியம். கம்பிகள் உறுதியாகவே இருந்தன. ஆனால் தலைவாசலை ஒட்டிய சன்னலிலிருந்து கையை நீட்டினால் கதவின் உட்தாழ்ப்பாள் எட்டியது. நானே வெளியே நின்று தோள்வரை கையை நுழைத்து அதைத் திறந்து காட்டினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடம் மூன்று தாழ்ப்பாள் போட்டுப் படுத்த வீடு!

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. புதிய பூட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளேயும் சாவி போட்டே திறக்க வேண்டியது. சன்னல் வழியே எந்தக் கை வந்தாலும் பயனில்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் இதுவே சிறந்தது. மற்றொன்று, உள்ளே ஒரு குமிழைத் திருகினால் திறந்துகொள்வது. நான் முதல் வகையை முடிவு செய்தேன். ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டாள்: "ஏய்யா, ராத்திரி அடுப்படியில தீப்பிடிச்சா நான் சாவியத் தேடிக்கிட்டா கெடக்கணும்?"

நான் சொன்னேன்: "சாவியக் கதவுலயே மாட்டி வச்சிக்கம்மா."

"அப்ப வெளியிலருந்து மதினி சாவியப் போட்டாத் தெறக்குமா?"

திறக்காது. பெரும்பாலான பூட்டுகளில் உட்பக்கம் சாவி நின்றால் வெளிச்சாவி நுழையாது. அம்மாவின் கேள்வி எங்கே போகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தைய ஆண்டு, இரண்டு தெரு தள்ளி, தனியாக இருந்த ஒரு பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். குரல் கேட்டுக் கூடிய சனம் தலைவாசலை உடைத்து உள்ளே போக அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நல்ல கதவு. உள்ளே போனபோது குரல் நின்றுவிட்டிருந்தது.

"களவாணி எப்பவோ ஒருக்கா வருவான். எனக்கு அந்தப் பயம் இல்ல," என்றாள் அம்மா. "விழுந்தாத் தூக்குறதுக்கு ஆள் உள்ள வரணும். அந்த மாதிரிப் பூட்டு இருந்தா வாங்கு."

அந்தக் காலத்தில் ஊரில் பூட்டே கிடையாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பூட்டு வேறு உருவில் இருந்தது என்பதே சரி. தென்மாவட்டங்களில் காவல் என்றொரு முறை இருந்தது. ஊர் மக்கள் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு தந்தார்கள். பொருள் களவு போனால் மீட்டுத் தருவது அல்லது ஈடு தருவது அவர் பொறுப்பு. களவு போனதைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒரு கூலியும் இருந்தது. சில சமயம் களவுக்கும் துப்புக்கும் ஒரே ஆள் காரணமாக இருந்ததும் உண்டு. வண்டிகளில் சரக்கேற்றி இந்த வறண்ட நிலத்தைக் கடந்த நாடார் வணிகர்கள் பேட்டைகளைக் கட்டினார்கள். மாடும் வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் மதில் சூழ்ந்த வளாகங்கள் அவை. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி ஆகிய ஊர்களில் சமூகம் வேரூன்றியதே அந்தப் பேட்டைகளைச் சுற்றித்தான். அவற்றுக்கு ஆன செலவை வணிகர்கள் மகமை என்று பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அதாவது ஒரு தெருவுக்கே ஒரு பூட்டு. அதன் விலையை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி என்பது அதற்குப் பிந்தைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில்தான் பாட்டியின் குரல் அரை மணி நேரம் வெளியே காத்துக்கிடந்தது.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் இலக்கிய நண்பர்கள் பாண்டித்துரைத் தேவரைப் பற்றிக் கேட்பார்கள். பாலவனத்தம் சமீன்தாரான அவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். எவர் வீட்டுப் பெட்டிகளிலோ அடைந்து கிடந்த சுவடிகளையும் நூல்களையும் சேர்த்துப் பொதுவில் படிக்க வைத்தது அந்தச் சங்கத்தின் முதன்மையான பணிகளில் ஒன்று. எங்கள் ஊரின் பெருமையே, பூட்டிக் கிடந்ததைத் திறந்துவைத்த ஒருவரால் வந்ததுதான் என்று அந்த வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குமிழ் வைத்த பூட்டையே வாங்கினோம். மரத்தைக் குடைந்து உள்ளே புதைக்கும் வகை பழைய கதவுக்கு ஆகாது, குடைந்தால் சட்டம் பலமிழக்கும் என்று ஆசாரி சொன்னதால், கதவின் உள்முகத்தில் பெட்டிபோல் பதியும் வகை. வெளியே சாவித் துவாரம் மட்டுமே தெரியும். இரட்டைக் கதவில் இடப்பக்கத்தை மேலும் கீழும் கனத்த தாழ்ப்பாள்களால் நிலையோடு பிணைத்தோம். அது அசைந்தால் வலப்பக்கத்துப் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. சன்னலுக்கு விரல்கூட நுழையாத வெல்டு வலை அடித்தோம். இனி எந்தக் கையும் குமிழுக்கு எட்டாது. மாங்காய்ப் பூட்டு கொல்லைக் கதவின் உட்பக்கத்துக்குப் போனது. விரல்ரேகை வைத்தால் திறக்கும் பூட்டைச் சென்னை நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். ஐம்பது வருடம் பருத்தி எடுத்துத் தேய்ந்த அம்மாவின் விரல், ரேசன் கடை இயந்திரத்திலேயே மூன்று முறை வைத்தால் ஒருமுறைதான் பதிகிறது. சொந்த வீட்டு வாசலில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் ஆசாரி, பூட்டின் நாக்கு போய் விழும் துவாரத்தை அரத்தால் கொஞ்சம் மேலும் கீழும் அகலப்படுத்தினார். ஏன் என்று கேட்டேன். "கரிசல் மண்ணு தம்பி. ஐப்பசி மழைக்கு ஊதும், சித்திரையில சுருங்கி வெடிக்கும். நெலை அதோட ஏறி எறங்கும். கச்சிதமா வச்சா ரெண்டு மாசத்துல பூட்டு சிக்கிக்கும்." எண்ணெய் விடக் கூடாது, புழுதி சேர்ந்து அடைத்துக்கொள்ளும், பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

திருமறைக்காட்டுக் கதை நினைவுக்கு வந்தது. வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவு திறக்க அப்பர் பாடுகிறார். ஒரு பதிகம் முடியும்வரை கதவு தாமதிக்கிறது. பிறகு அது மூடச் சம்பந்தர் பாடுகிறார். முதல் பாட்டிலேயே மூடிக்கொள்கிறது. தனக்கு ஏன் இந்தத் தாமதம் என்று அப்பர் வருந்தியதாகப் புராணம் சொல்கிறது. எனக்கு அதில் அப்பரின் குறை எதுவும் தெரியவில்லை. மூடுவது எளிது. எந்தக் கதவுக்கும் திறப்பதுதான் கடினம்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது, அம்மா பழைய உட்தாழ்ப்பாளைக் காட்டி, "இதையும் எடுத்துருங்க ஆசாரி," என்றாள்.

"தலவாசலுக்குத் தாப்பா இல்லாமயா? வேணாம்மா, இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்தா ராத்திரி கை தானாப் போட்டுரும். அப்புறம் மதினிகிட்ட சாவியிருந்து என்ன செய்ய?"

ஐம்பது வருடப் பழக்கத்தை அம்மா தன் கையிடமிருந்து பிடுங்கச் சொல்கிறாள் என்பது ஆசாரிக்குப் புரிந்தது. பேசாமல் திருப்புளியை எடுத்தார். அது இருந்த இடத்தில் நான்கு துளைகளும், வெயில் படாத மரத்தின் வெளிறிய நிறமும் மிஞ்சின. அன்றிரவு அம்மா இரண்டு முறை எழுந்து வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்ததை நான் படுத்தபடியே கவனித்தேன். மூன்றாம் இரவு எழவில்லை.

இரண்டாவது சாவி பக்கத்து வீட்டில், காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது. காலை ஆறரைக்குள் எங்கள் வாசல் தெளிக்கப்படாவிட்டால் அத்தை வந்து திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை ஒருமுறை திறந்திருக்கிறார். அம்மா இருமல் மருந்து குடித்துவிட்டு அசந்து தூங்கியிருக்கிறாள். அரை இருட்டில் யாரோ நிற்பதைக் கண்டதும் "களவாணி, களவாணி" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறார். சாவியைத் திருப்பித் தருவதாக மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.