முற்றுப்புள்ளி யாருடையது?

யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேடு முதன்முதலாக 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தயாரித்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், சுருக்க வடிவம், விவரணை, குறைகள் என்று வரிசையான தலைப்புகள். லினக்ஸ், பிஎஸ்டி கையேடுகளும் இந்த அமைப்பை இன்றுவரை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றி வருகின்றன. இவற்றை நான் உரைநடை என்ற ருசியோடுதான் வாசிக்கிறேன்.

பி.ஏ. ஆங்கில வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, ஒரு பத்தியில் வந்த சொல் மறுபடி வரக்கூடாது என்பது. வந்தால் சொல்வளம் போதவில்லை என்று அர்த்தம். கையேட்டின் தர்மம் இதற்கு நேர் எதிர். சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம். ‘அடைவு’ என்று ஆரம்பித்து அடுத்த வரியில் ‘கோப்புறை’ என்றால், வாசகன் இரண்டு வஸ்துக்கள் இருப்பதாக நினைத்து இரண்டாவதைத் தேடப் போவான். அலங்காரத்துக்காக மாற்றிய சொல் அங்கே ஒரு பொய்.

லினக்ஸ் கையேட்டின் நடைக்குறிப்பு ‘ஃபைல்சிஸ்டம்’ என்று சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் குறிப்பு ‘ஃபைல் சிஸ்டம்’ என்று பிரித்து. இதில் யார் சரி என்ற சண்டை வீண். எடுத்த முடிவை எல்லாப் பக்கங்களிலும் காப்பாற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி. நூற்றுக்கணக்கானவர்கள் எழுதும் புஸ்தகம் அது. வாசகனோ நடுவில் புகுந்து, ஒரு பக்கம் படித்துவிட்டுப் போய்விடுகிறவன். ஒரு பக்கத்தில் அவன் கற்றது மறுபக்கத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

நிறுத்தக்குறிகளும் இப்படித்தான். நம் புதுக்கவிஞர்கள் பெருமூச்சுக்குப் பதிலாக வைக்கும் மூன்று புள்ளிக்குக் கையேட்டில் ஒரே அர்த்தம்: இதை ஒன்றுக்கு மேலும் தரலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பமிருந்தால் தரலாம். ஒற்றைப் புள்ளி இன்னும் சிக்கலானது. யூனிக்ஸில் அதுவே ஒரு பெயர். நாம் இப்போது இருக்கும் அடைவைக் குறிப்பது. ஒரு வாக்கியம் கட்டளையில் முடிந்தால், கடைசிப் புள்ளி வாக்கியத்துடையதா கட்டளையுடையதா? வாசகன் அதையும் சேர்த்துத் தட்டினால் கட்டளையே வேறாகிவிடலாம்.

பிஎஸ்டி குடும்பத்தின் கையேடுகள் எழுதப்படும் எம்டாக் என்ற குறிமொழியில் இதற்கு வழி இருக்கிறது. எழுதுகிறவன் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, புள்ளியைத் தனியே வைக்கிறான். பக்கம் உருவாகும்போது இடைவெளி மறைந்துவிடும். கட்டளை தடித்த எழுத்திலும் புள்ளி சாதாரண எழுத்திலும் வரும். புள்ளி வாக்கியத்துக்குச் சொந்தம் என்று அச்சிலேயே தெரிந்துவிடுகிறது. இதைக் கவனிக்கும் வாசகன் அபூர்வம். அந்த அபூர்வமானவனை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள்.

இதைப் பண்டிதத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் நம் விமர்சனக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் ‘படிமம்’, இரண்டாவதில் அதே விஷயம் ‘பிம்பம்’, முடிவதற்குள் ‘குறியீடு’. மூன்றும் ஒன்றா, மூன்று தனிக் கருத்துக்களா என்று கட்டுரையாளருக்கே நிச்சயம் இருப்பதாகத் தெரியவில்லை. வாசகன் தனக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிக்கொள்கிறான். ஒரு சொல்லை நழுவவிட்டு அர்த்தம் பெருக்கும் சுதந்திரம் கவிதைக்கு உண்டு. அதை விளக்க வந்தவனுக்குக் கிடையாது. ஒரே சொல்லை மூன்றாம் முறை எழுதக் கூச்சப்படுகிறவன் கவிதை எழுதப் போகட்டும்.