பிளசர் காருக்கு ஒரு கேரியர்

மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்து வரும். இப்ப ஒரு பொம்மைக் கார் சமாச்சாரம். ஐம்பத்தேழு வயசுல பொம்மைக் காரான்னு சிரிக்காம படிங்க.

கோபி பக்கம் எங்க ஊர்கள்ல பழைய ஆளுங்க வாடகைக் காரை ‘பிளசர்’னுதான் சொல்லுவாங்க. எங்க ஊருக்கு ரொம்ப நாளா ஒரே ஒரு பிளசர்தான். வெள்ளை அம்பாசடர், டீசல். ஓட்டினவர் எனக்குப் பங்காளி முறையில அண்ணன். ஊர்ல எல்லாருக்கும் டாக்ஸி அண்ணன். 2016-ல வண்டி எடைக்குப் போச்சு. ரெண்டு வருசம் முன்னால அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துருச்சு. பேச்சும் குழறிப் போச்சு. நாம சொல்றதெல்லாம் அவருக்கு நல்லாப் புரியுது. அவர் சொல்ல வர்றதுதான் வாயில பாதியில நின்னுக்குது. மத்தவங்க பொறுமை இல்லாம, “சரிங்கண்ணா, சரிங்கண்ணா”ன்னு தலையாட்டிட்டுக் கிளம்பிடறாங்க. அவருக்கு அதுல வர்ற கோவம் கண்ணுலயே தெரியும்.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்குப் போனப்ப ஒரு கடையில பிளாஸ்டிக் அம்பாசடர் பொம்மை கிடந்துச்சு. வாங்கிட்டு வந்து அவர் கையில குடுத்தேன். இடது கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கூரை மேல விரலை வெச்சுத் தட்டினார். திரும்பவும் தட்டினார். எனக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு. கேரியர் எங்கேன்னு கேக்கறார்.

அந்தக் கேரியர் இல்லாம அந்த வண்டியை நாங்க யாரும் பார்த்ததில்லைங்க. கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா போனதும் அதுல, எங்க தோட்டத்து நேந்திரன் தார் சத்திக்குப் போனதும் அதுலதான். பொம்மை செய்யற கம்பெனி பொதுவா ஒரு அம்பாசடரைச் செய்வான். எங்க ஊர் அம்பாசடருக்கு உண்டான சாமான் கடையில கிடைக்காது. நாமதான் செஞ்சாகணும். கோயமுத்தூர்ல லேத் பட்டறையில வேலை செய்யற என் பையன் சொன்னான், இதுக்கு வெளிநாட்டுல ‘ஸ்க்ராட்ச் பில்டிங்’னு பேராம், கையில கிடைக்கிறதை வெச்சு ஒண்ணுமில்லாததுல இருந்து செய்யறதாம். அவன்தான் ஒரு பழைய வெர்னியரும் குடுத்தனுப்பினான்.

முதல்ல அளவு. அம்பாசடருக்கு முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் 97 இஞ்ச். மில்லியில சொன்னா 2464. பொம்மையில வெர்னியர் வெச்சா 77 மில்லி. வகுத்தா சரியா 32. அப்ப பொம்மை அசலுக்கு 32-ல ஒரு பங்கு. இந்த ஒரு நம்பர் கிடைச்சுட்டா போதுங்க, அசல்ல எந்தச் சாமானா இருந்தாலும் மில்லியில அளந்து 32-ஆல வகுத்தா பொம்மைக்கு உண்டான அளவு. நான் படிச்சது பத்தாவதுதான். அந்தக் கணக்கு அதுக்குள்ளயே அடங்கிருச்சு.

ஒரு தகவல் சொல்லிடறேன். அம்பாசடர் நம்மாளுங்க புதுசா வரைஞ்ச வண்டி இல்லை. இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸோட உருவந்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்சாங்க. 2014 மே மாசத்தோட உற்பத்தி நின்னுபோச்சு. அத்தனை வருசமும் மூஞ்சியும் இன்ஜினும் மாறுச்சே தவிர, கூரையோட வளைவும் கதவும் பெருசா மாறலை. பழைய போட்டோவுல எந்த வருசத்து அம்பாசடரைப் பார்த்தாலும் கூரை அளவு எனக்கு உதவுச்சு.

இனி கேரியர். போட்டோன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. எங்க வீட்டுக் கல்யாணத்துல எடுத்தது. முன் பக்கம் மட்டும் தெரியுது, அதுலயும் பாதிய பூமாலை மறைச்சுருச்சு. நீளம் எத்தனை, குறுக்குக் கம்பி எத்தனைன்னு அதுல ஒண்ணும் தெரியலை. வெல்டிங் வெச்சவர் காலமாயிட்டார். தெரிஞ்ச ஒரே ஆள் அண்ணன்தான்.

அதனால தினமும் சாயங்காலம் பால் ஊத்திட்டு அவர் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரிதான் கேக்கணும். “அஞ்சடி நீளமுங்களா?” தலை ஆடும். “அகலம் நாலடி?” ஆடும். “குறுக்குக் கம்பி ஆறு?” முறைச்சார். இடது கையை விரிச்சு அஞ்சு காட்டினார், மடக்கி நாலு காட்டினார். ஒம்பது! மத்த வண்டிக் கேரியர்ல அஞ்சோ ஆறோதான் பார்த்திருக்கேன். எதுக்கு ஒம்பதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. அண்ணி சமையக்கட்டுல இருந்து வாழைப்பூவோட வந்தாங்க. அவர் அதைப் பிடுங்காத குறையா வாங்கி, கட்டில் சட்டத்து இடுக்குல காம்பை விட்டு இழுத்துக் காட்டினார். தாரை மேல போட்டா காம்பு கம்பி இடுக்குல இறங்கிச் சிக்கும், வண்டி குலுங்கினா சீப்பு நசுங்கும். இடுக்கு சின்னதா இருந்தா தார் மேலயே படுத்துக்கும். அதுக்குத்தான் ஒம்பது. அத்தனை வருசம் என் தாரை அதுல ஏத்தியிருக்கேன், கம்பியை எண்ணிப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதில்லை. ஏத்தறவனுக்கு அது தேவைப்படாது போல.

கணக்குப் போட்டேன். அஞ்சடி 1524 மில்லி, 32-ல வகுத்தா 47.6. ஒம்பது கம்பிக்கு எட்டு இடுக்கு, ஒண்ணு கிட்டத்தட்ட 6 மில்லி. கம்பி அசல்ல அரை இஞ்ச் பைப், அதோட வெளி விட்டம் 21 மில்லி. வகுத்தா 0.66. அவ்வளவு சன்னக் கம்பி எதுல இருக்கு? எங்க கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சப்ப ரீவைண்டிங் கடைக்காரர் பிரிச்சுப் போட்ட பழைய செம்புக் கம்பி இருந்துச்சு. 22 கேஜ், 0.71 மில்லி. அதுக்கு மேல கிட்டத்துல போக முடியாது.

விவசாயிக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்னு கேப்பீங்க. திரீ பேஸ் கரண்ட் ராத்திரியில வர்ற வாரம் மோட்டார் ரூம்லதான் காவல். வாய்க்காத் தண்ணி மடை மாத்தற இடைவெளியில உக்காந்து செஞ்சதுதான் எல்லாம்.

மோட்டார் கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைப் பிளேடால சுரண்டி, செம்பு பளபளன்னு தெரிஞ்சாத்தான் ஈயம் பிடிக்கும். வளைஞ்ச கம்பியை நேராக்க ஒரு முனையை வைஸ்ல பிடிச்சு, மறுமுனையைக் குறட்டால இழுத்தா சித்தே நீளும், அப்புறம் ஈர்க்குச்சி மாதிரி நேரா நிக்கும். ஒரு வேப்பம்பலகையில கோடு கிழிச்சு, 6 மில்லிக்கு ஒரு குண்டூசி அடிச்சு, ஊசிக்கு நடுவுல கம்பிகளைப் படுக்க வெச்சேன். பத்த வைக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. செம்பு சூட்டை வேகமாக் கடத்தும். மூணாவது கம்பிக்கு வெச்ச சூடு ரெண்டாவது கம்பியோட ஈயத்தை இளக்கிவிடும். அதுக்குப் பக்கத்து மூட்டு மேல நனைச்ச பஞ்சை வெச்சுட்டு, சால்டரிங் கோலைச் சட்டுனு தொட்டு எடுக்கணும். இந்தக் கோடி ஒண்ணு, அந்தக் கோடி ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வெச்சா இன்னும் நல்லது. ஒம்பது கம்பிக்கு ரெண்டு பக்கமும் பதினெட்டு மூட்டு, மூணு ராத்திரி.

அம்பாசடர் கூரை ஓரத்துல மழைத்தண்ணி வழிய ஒரு வாய்க்கா மாதிரி ஓடும். அசல் கேரியரோட ஆறு காலும் அதுலதான் உக்காந்து கவ்வும். பொம்மையிலயும் அந்த வரம்பை வார்த்திருந்தாங்க. காலை அதுல நிக்க வெச்சேன், கூரையில எங்கேயும் தொடலை. கூரைக்கும் கேரியருக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சப்பத்தான் அது எங்க ஊர் வண்டி மாதிரி ஆச்சு.

சக்கரம் பொம்மையில குண்டு குண்டா, வண்டிக்கே பொருந்தாம இருந்துச்சு. அசல் டயர் 5.90-15. பதினஞ்சு இஞ்ச் ரிம்மை 32-ல வகுத்தா 12 மில்லி. சொட்டு நீர் போட்டவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க, அது லேட்டரல் பைப் சைஸ்! 12, 16, 20 மூணும் என் தோட்டத்துல கிடக்குது. ஒண்ணுக்குள்ள ஒண்ணா விட்டு, 4.7 மில்லி கனத்துக்குச் சீவினா டயரும் ரிம்மும் ரெடி. ஒரு விசயம், அந்தப் பைப் பாலிதீன் ஜாதி. பெவிக்விக்கும் பிடிக்காது, பிவிசி பசையும் பிடிக்காது. பைப் மூட்டுக்குச் சுத்தற டெஃப்லான் டேப்பை இடுக்குல சுத்தி இறுக்கிட்டேன். நடுவுல வேப்பங்குச்சியைச் சீவி அடைச்சு, அது மேல ஜாக்கெட்டுக்கு வைக்கிற பிரஸ் பட்டன், அது வீல் கப்பு. அச்சுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி.

முன் கண்ணாடிக்கு மேல வெயில் மறைப்புத் தகரம் ஒண்ணு உண்டு. அதுக்கு முதல்ல காலாவதியான ஏடிஎம் கார்டை வெச்சுப் பார்த்தேன். கார்டு 0.76 மில்லி கனம். 32-ஆல பெருக்கினா 24 மில்லி, ஒரு இஞ்ச் பலகை ஆயிருது! அசல் தகரத்தை வகுத்தா பொம்மையில அது காகிதத்தை விடச் சன்னமா இருக்கணும். கூல்டிரிங்ஸ் டப்பாவை வெட்டி வளைச்சு வெச்சேன், பார்வைக்குத் தகரமா நின்னுச்சு. நீங்க யாராவது செய்யறதா இருந்தா இதைக் கவனிங்க. நீளம் அகலத்துல அரை மில்லி முன்னப்பின்ன இருந்தா யாருக்கும் தெரியாது, ஓரத்தோட கனம் பொம்மைன்னு காட்டிக் குடுத்துரும்.

ஹெட்லைட் ஏழு இஞ்ச் விட்டம், பொம்மைக்கு 5.6 மில்லி. அண்ணன் கட்டில் பக்கத்துல மாத்திரை அட்டை குவிஞ்சு கிடக்கும். பிரஷர் மாத்திரை ஒண்ணு பொடிசு, அதோட பிளாஸ்டிக் குமிழ் அளந்து வெச்ச மாதிரி இருந்துச்சு. காலி அட்டையை எடுத்து ரெண்டு குமிழை வெட்டிக்கிட்டேன். அதே அட்டையோட பின்பக்க அலுமினியத் தாளைச் சுரண்டி, பம்பருக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் ஒட்டித் துணியால தேய்ச்சேன். குரோமியம் மாதிரியே மின்னுது. அண்ணன் அட்டையையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே இருக்குங்க.

எல்லாம் முடிஞ்சுதுன்னு கொண்டு போய்க் காட்டினா, பின் பக்கம் இடது மட்கார்டுல விரலை வெச்சு அழுத்தறார். சொட்டை! எங்க களத்து மேட்டுல ஒரு கல்தூண் இருக்குது. ஒருக்கா ராத்திரியில தார் ஏத்திட்டு ரிவர்ஸ் எடுக்கறப்ப அதுல இடிச்ச சொட்டை. கடைசி வரைக்கும் தட்டி எடுக்கவே இல்லை. அண்ணிக்குப் பிடிக்கலை. “நல்லா இருக்கிற காருக்கு எதுக்குங்க சொட்டை? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” அண்ணன் கட்டில் சட்டத்துல தட்டினார், ரெண்டு தடவை. அந்த வீட்டுல அதுக்கு மேல பேச்சு கிடையாது.

கல்தூண்ல அந்தச் சில்லு இன்னும் இருக்குது. டேப் வெச்சு அளந்தேன், தரையில இருந்து 27 இஞ்ச். 686 மில்லியை 32-ல வகுத்தா 21.4. சக்கரத்தைத் தரையில நிறுத்தி அந்த உயரத்துல புள்ளி வெச்சு, உள் பக்கம் அரத்தால சன்னமாக்கி, சூடு பண்ணின கரண்டிக் காம்பால வெளியில இருந்து மெதுவா ஒத்தினேன். அமுங்குச்சு. பெயிண்ட்டைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை, வீட்டு ஜன்னலுக்கு வாங்கின எனாமல் மிச்சந்தான்.

சொட்டையைக் காட்டின அன்னிக்கு அவர் அதைத் தடவிக்கிட்டே, “தூ... தூணு”ன்னார். ஒரு சொல்லு முழுசா வந்துச்சு. நான் உடனே, “ஆமாங்கண்ணா, எங்க களத்துத் தூணு. நீங்க இடிச்சுட்டு எங்கப்பனைத் திட்டினீங்க, தூணை நடுவுல நட்டான்னு”ன்னேன். அண்ணி வெளியே வந்து நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் அன்னிக்கு எத்தனை தார், என்ன விலை, மழை எப்ப பிடிச்சுதுன்னு நான் கேக்க, அவர் விரலும் தலையும் அரைச் சொல்லுமாச் சொல்ல, எட்டரை மணி ஆயிருச்சு. யாரும் சும்மா தலையாட்டலை. கம்பி எத்தனைன்னு தெரியணும்னா அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் உக்காந்துதான் ஆகணும், வேற வழியில்லையே.

வண்டி இப்ப அவர் தலைமாட்டு ஸ்டூல் மேல நிக்குது. பேரப் பசங்க தொட்டா முறைக்கிறார். நேத்து கூப்பிட்டு டிக்கியில நகத்தை விட்டு நெம்பிக் காட்டினார், அது திறக்கணுமாம். அதுக்குக் கீல் வேணும். மாட்டு டாக்டர் ஊசிக் குழாயை வெட்டினா அதுக்குள்ள மோட்டார் கம்பி சுழலும்னு நினைக்கிறேன். திங்கக்கிழமை செவலைக்கு ஊசி போட வர்றார், பழசு ஒண்ணு கேட்டு வாங்கி, வெந்நியில போட்டு எடுத்துக்கணும்.