குருத்தோலையும் கூலியும்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் பேருந்துகள் விடியற்காலையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் பிரயாணிகளை இறக்கிவிடும்பொழுது, அவர்களோடு கூடவே சாக்குகளிலும் கட்டுகளிலும் வந்திறங்குகின்ற ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், நீத்துப்பெட்டி, சுளகு முதலியன, வெயில் ஏறுமுன்னரே கடைவாசல்களில் இடம்பிடித்துவிடுகின்றன. கொட்டாஞ்சேனையிலும் இக்காட்சி உண்டு. இப்பொருள்களை ஆக்குகின்ற கைகளையும் காணவேண்டுமென்ற ஆவலினால், கடைக்காரர் ஒருவர் வழிகாட்ட, தொடர்மாடியொன்றில் மகளோடு வசிக்கும் வடமராட்சி மூதாட்டியொருவரிடம் சென்றேன்.

ஊரில் வெட்டி, வெயிலில் காயவைத்துக் கட்டாக அனுப்பப்பட்ட குருத்தோலையை அவர் ஈரத்துணியிற் சுற்றிப் பதப்படுத்தியிருந்தார். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலமாக வார்ந்து, சிலவற்றைச் சாயத்தில் அவித்து உலர்த்திய பின்னரே இழைக்கும் வேலை தொடங்குகிறது. நீத்துப்பெட்டி கூம்பி இறங்கவேண்டும். ஆவி ஏறுவதற்கு இடமும் இருக்கவேண்டும். கடகமோ பாரம் சுமப்பதாகையால், அதன் விளிம்பைப் பனைநார் கொண்டு பொத்தி இறுக்குகையில் விரல்நுனி கன்றிவிடுகின்றது.

“ஒரு கடகத்துக்கு எவ்வளவு நேரம் செல்லும், அம்மா?” என்று வினவினேன்.

“வீட்டு வேலையோட பார்த்தா மூண்டு நாள் இழுக்கும், தம்பி. வாங்க வாறவை பிளாஸ்டிக் வாளியின்ர விலையைச் சொல்லித்தான் கேக்கினம்” என்றார்.

இக்கைத்தொழிலை ஆதரிக்க அரசாங்கம் முயலவில்லையென்று கூறுவது நியாயமாகாது. கிராமியக் கைவினைஞரின் பொருள்களுக்குத் தலைநகரில் சந்தை தேடும் நோக்கத்தோடு 1964 இல் லக்சல நிறுவப்பட்டது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றி, பயிற்சியளித்தும் பனம்பொருள்களைக் ‘கற்பகம்’ என்னும் பெயரில் விற்பனை செய்தும் வருகின்றது. 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை உண்டாக்கிற்று. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பனைகள் தறிக்கப்பட்டு, குடும்பத்தின் ஜீவனபாரம் பல பெண்களின் தலையில் விழுந்த பின்னர், இழைப்புப் பயிற்சி வகுப்புகள் வடக்கிலும் கிழக்கிலும் பெருகின. இவையெல்லாம் பயனுள்ள பிரயத்தனங்களே.

ஆயினும், பயிற்சியைப் பற்றி நான் பேச்செடுத்ததும் அம்மூதாட்டி நகைத்தார். “பழக்கித் தாறம் எண்டு கன பேர் வருகினம். ஓலை வெட்டித் தாறதுக்குத்தான் ஆளில்லை.”

விஷயத்தின் மர்மம் இவ்வார்த்தைகளில் இருக்கின்றது. ஓலை நன்கு உலர்வது வெயில் காலத்தில். கள் இறக்கும் பருவமும் ஏறக்குறைய அதுவே. மரமேறத் தெரிந்த சிலரும் அக்காலத்தில் முட்டியும் பாளைக்கத்தியுமாகப் பனையுச்சியில் இருப்பர். ஏறுவோரின் பிள்ளைகளோ, உயிராபத்தும் சாதி இழிவும் ஒருங்கே சேர்ந்த இத்தொழிலை விட்டு விலகுகின்றனர். குருத்தை அளவின்றி வெட்டினால் மரம் தளருமாதலால், எந்த மரத்தில் எவ்வளவு வெட்டலாம் என்பதை அறிந்தவரே ஏறவும் வேண்டும். ஆகவே, கீழே அமர்ந்து இழைப்பவளின் வருமானம் மேலே ஏறுபவனின் கூலியைப் பொறுத்தது. அபிவிருத்தித் திட்டங்களோ இவ்விருவரையும் வெவ்வேறு ஏடுகளில் எழுதி வைத்திருக்கின்றன: அவன் கள் உற்பத்திக் கணக்கில், அவள் கைப்பணிக் கணக்கில்.

பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஓலை வெட்டுதலைக் கூலிக்குரிய தனி வேலையாக அவை ஏற்று, ஏறுவோருக்குக் காப்புறுதியும் நியாயமான ஊதியமும் அளித்து, வெயில் காலத்தில் உலர்த்திய ஓலையைச் சேமித்து மாரியிலும் இழைப்போருக்கு வழங்குமாயின், புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை. அதுவரையில், பயிற்சிச் சான்றிதழ் பெறும் பெண்களின் தொகை பெருகுமேயன்றி, வெள்ளவத்தைக் கடைவாசலுக்கு வந்துசேரும் கடகங்களின் தொகை பெருகுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.