முயலை மெல்ல நகர்த்தியவருக்கு

மதிப்புக்குரிய மேரி கவர் ஜோன்ஸ் அம்மையாருக்கு,

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் நடத்துகிறேன். ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்துப் பழக்கும் ஆக்கநிலையுறுத்தல் என்றால் பாவ்லோவின் நாய். அடுத்து, 1920இல் வாட்சனும் ரோசலி ரேய்னரும் வெளியிட்ட குட்டி ஆல்பர்ட் சோதனை. வெள்ளெலியோடு பயமின்றி விளையாடிய கைக்குழந்தைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி ஆக்கினார்கள். அந்தப் பயம் போக்கப்படாமலே குழந்தை அங்கிருந்து போய்விட்டது. இதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் எங்கள் நூலில் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வரி.

ரேய்னர் உங்களோடு வாஸர் கல்லூரியில் படித்தவர். வாட்சனின் பேச்சைக் கேட்ட உங்களுக்கு எழுந்த கேள்வி வேறு: பயத்தைப் பழக்க முடியுமென்றால், பழக்கியே போக்கவும் முடியாதா? விளம்பரத் தொழிலுக்குப் போய்விட்ட வாட்சன் ஓய்வு நேரத்தில் ஆலோசனை சொல்ல, நியூயார்க்கில் குழந்தைகளோடு உட்கார்ந்தவர் நீங்கள்தான்.

1924இல் வெளியான உங்கள் கட்டுரைகளில் பலரும் பீட்டர் என்ற சிறுவனைத்தான் தேடுவார்கள். நான் நன்றி சொல்வது முதலில் உங்கள் தோல்விகளுக்கு. முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுமியிடம் நாள்தோறும் முயலைப் பற்றிப் பேசினீர்கள், படம் காட்டினீர்கள். நேரில் முயலைக் கண்டதும் பழைய பயம் அப்படியே இருந்தது. கேலியும் பலிக்கவில்லை. புத்திமதி, கேலி: எங்கள் வகுப்பறைகளில் அதிகம் புழங்குபவை இவை இரண்டும்தானே, அம்மா! பயம் தெளிந்தது இரண்டு வழிகளில்: அஞ்சாத பிள்ளைகள் பக்கத்தில் இருந்தபோது, பிடித்த தின்பண்டத்தோடு முயலையும் சேர்த்துப் பழக்கியபோது.

பீட்டருக்கு அப்போது வயது 2 ஆண்டு 10 மாதம். முயல், எலி, உரோமக் கோட்டு, பஞ்சு எல்லாமே பயம். வீட்டிலும் அவனைப் பிள்ளை பிடிப்பவர்கள் பெயர் சொல்லி மிரட்டித்தான் அடக்கினார்கள்; நம் ஊர்ப் பூச்சாண்டிக்கு அங்கே வேறு வேஷம். கூண்டு முயல் பன்னிரண்டு அடி தூரத்தில், பிறகு நான்கடியில் என்று அவன் தேறி வந்த நேரத்தில் செங்காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனான். திரும்பும்போது பெரிய நாயொன்று பாய்ந்ததில் பயம் பழையபடி ஏறிவிட்டது. அந்தச் சறுக்கலையும் மறைக்காமல் எழுதினீர்கள். பிறகு அவனை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துத் தின்னக் கொடுத்து, அவன் சாப்பாடு கெடாத தூரம்வரை மட்டும் முயலைக் கொண்டுவந்தீர்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் விட்டான் பீட்டர்.

முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1958இல், மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பேயின் நூல் வந்தது. சிலந்திக்கும் உயரத்துக்கும் அஞ்சுபவர்களைப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை ஊன்றியது அதற்குப் பிறகே. உங்களை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தவரும் அவரே.

இன்னொன்றுக்கும் நன்றி. தின்பண்டத்தோடு பழக்கும் இந்த முறை கவனமில்லாதவர் கையில் தலைகீழாகிவிடும், முயல் மீதான பயம் சாப்பாட்டின் மீது ஏறிக்கொள்ளும் என்று நீங்களே எச்சரித்திருக்கிறீர்கள். மிட்டாய்ப் பொட்டலத்தோடு கற்பித்தல் பயிற்சிக்குக் கிளம்பும் என் மாணவர்களுக்கு அந்தப் பகுதியை இந்த ஆண்டு தமிழில் எழுதித் தரப்போகிறேன்.


ஓர் உளவியல் ஆசிரியை